செருமல் சிங்கத்தின் கடைசிப் புத்தகம்

கதை டீச்சர் எழுத வந்தது குழந்தைகள் மேல் இருந்த பிரியத்தால் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. பிரியமும் இருந்தது. ஆனால் பேனாவைக் கையில் எடுக்க வைத்தது வயிற்றெரிச்சல். அது அவளுடைய தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும்.

இளவயதில் அவள் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். சிறு பிள்ளையிலிருந்தே திக்குவாய். கதை சொல்லும்போது மட்டும் நாக்கு அவள் பேச்சைக் கேட்கும். கரடியாகவும் எலியாகவும் தங்குதடையில்லாமல் பேசுவாள். தானாகப் பேசினால்தான் வம்பு. வகுப்புப் பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அடுத்த கதை எப்போது என்பதே அவர்கள் கவலை.

ஒருநாள் காலைக் கூட்டத்தில், விளையாட்டுப் போட்டியின் முடிவை வாசிக்கும்படி தலைமையாசிரியர் அவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். "முதல் பரிசு" என்று தொடங்க வேண்டும். 'முதல்' வந்துவிட்டது; 'ப'வில் நாக்கு மாட்டிக்கொண்டது. தலைமையாசிரியர் செருமிக்கொண்டே வந்து மைக்கை வாங்கினார்.

"ப-ப-பரவாயில்ல டீச்சர். வி-வி-விடுங்க."

மைதானமே சிரித்தது. ஆசிரியர்கள் சிரித்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். முன்வரிசையில் நின்ற அவளுடைய மூன்றாம் வகுப்பும் சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

வீட்டில் உட்கார்ந்து கறுவிக்கொண்டே எழுதியதுதான் செருமல் சிங்கம். எதற்கெடுத்தாலும் "ம்ஹும், ம்ஹும்" என்று தொண்டையைச் செருமும் கிழட்டுச் சிங்கம் அது. வழுக்கையை மறைக்கப் பிடரியை ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு இழுத்துச் சீவும். தூறலுக்குப் பயந்து வெயிலிலும் குடை பிடிக்கும். படம் வரைந்தவரிடம் அந்தச் சீவலை அவளே கோடு போட்டுக் காட்டினாள். முதல் புத்தகமே பிள்ளைகளிடம் பற்றிக்கொண்டது. வருஷத்துக்கு ஒன்றாகச் சிங்கம் வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்த தங்கை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, உன் சிங்கம் பஸ் ஸ்டாப்புல மாட்டிக்கிச்சு. பசங்க பட்டாளமே பின்னால செருமிக்கிட்டுப் போகுது."

மறுநாள் அவளே போனாள். எதிரிலிருந்த செருப்புக் கடையில் வேண்டாத ஜோடிகளை மாட்டிப் பார்த்துக்கொண்டே கண்ணாடி வழியாகக் கவனித்தாள். ஓய்வு பெற்றிருந்த தலைமையாசிரியர் முகம் சிவக்க, குடையைக் காற்றில் வீசிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சிங்கத்தின் மேல் கோபமே கிடையாது, கொள்ளை ஆசை. அது அவருக்கும் புரிந்துவிட்டது. கேட்டால் செருமிக் காட்டினார். தலையைக் குனிந்து சீவலைத் தொட்டுப் பார்க்க விட்டார். பள்ளிக்கூடங்கள் அவரைக் கூப்பிட்டு மாலை போடத் தொடங்கின. கடைசியில் பதிப்பாளரே, புத்தக வெளியீட்டில் அவரைக் கொண்டுவந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"நீ நம்ம ஸ்கூல்ல இருந்த பொண்ணுதானே?" என்றார் அவர். "எதுக்கும்மா வேலைய விட்ட?"

"நீ... நீங்க மைக்ல என்னை மாதிரியே பே... பேசிக் காட்டினீங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஞாபகமே இல்லையேம்மா. சும்மா தமாஷுக்குப் பண்ணியிருப்பேன்" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கு வந்த பிள்ளைகள் பக்கம் திரும்பினார். வரிசை அவர் முன்னால்தான் நீண்டிருந்தது.

"வயசாயிடுச்சு அவருக்கு. விட்டுத் தொலைக்கா" என்றாள் தங்கை.

"ஞாபகம் இல்லையாம். நான் ஞாபகப்படுத்தறேன்."

அடுத்த புத்தகத்தில் காட்டுக் கூட்டம் நடந்தது. திக்கித் திக்கிப் பாடிய குருவியைப் போலவே சிங்கம் பாடிக் காட்டியது. காடு மொத்தமும் சிரித்தது. குருவி பறந்துபோனது; திரும்பி வரவே இல்லை. அத்தோடு கதை முடிந்தது.

பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். "கடைசியில சிங்கம் மன்னிப்புக் கேக்குற மாதிரி ஒரு பக்கம் சேத்துடலாமே, மேடம்."

"அவர் கேக்கலையே."

"கதைதானே மேடம்."

"கதைங்கிறதாலதான் சொல்றேன். பி... பிள்ளைங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

புத்தகம் வெளிவந்த பிறகு பஸ் ஸ்டாப்பில் யாரும் செருமவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் அவரிடம் போய், "குருவிய ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டதாம். அவர் சிரித்தாராம். கூட யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் இன்னொரு பிள்ளை அதையே கேட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் மேடையேறிச் செருமிக் காட்டினார். ஒரு கைகூடத் தட்டவில்லை. பிறகு அவர் வெளியே வருவதே நின்றது. தெருப்பக்கத்து ஜன்னலையும் சாத்திக்கொண்டார். தங்கை கேட்டு வந்து சொன்ன இதையெல்லாம் கதை டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டாள். பாவமாக இருக்கிறதா என்று தன்னையே தோண்டிப் பார்த்தாள். இல்லை.

ஒரு மத்தியானம் அவருடைய மனைவி வந்து கதவைத் தட்டினாள். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பதிப்புல அந்தக் குருவி விஷயத்த எடுத்துடச் சொல்லிக் கேக்கச் சொன்னார். ராத்திரி தூங்க மாட்டேங்கிறார்."

"மு... முடியாதுங்க."

அந்த அம்மாள் தலையாட்டினாள். டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"அவர் சொல்லி அனுப்பினதச் சொல்லிட்டேன். இனி நான் சொல்றேன். கல்யாணமான நாள்லேர்ந்து நான் எப்படி நடக்கறேன், எப்படிச் சிரிக்கறேன்னு வர்றவங்க முன்னாடியெல்லாம் செஞ்சு காட்டிக்கிட்டே இருந்தார். எங்க பசங்களும் சிரிப்பாங்க." புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க."