புகையைப் பார்த்து வந்தவர்

சன்னிவேலில், எல் கமினோ ரியல் சாலையில் நான் ஞாயிறுதோறும் தோசை சாப்பிடும் கடைக்குப் பக்கத்தில், மெழுகுவத்தியும் வாசனை எண்ணெயும் விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. போன வாரம் அந்தக் கடைப்பெண் காய்ந்த புதர்த்தழைக் கட்டு ஒன்றைக் கொளுத்திக் கையில் பிடித்திருந்தாள். வீட்டில் இருக்கும் கெட்டது போக இங்கே சிலர் அப்படிப் புகை போடுவார்கள், நம் சாம்பிராணி மாதிரி. கற்பூரவல்லியைக் கசக்கியதுபோல ஒரு வாசனை. அடியில் கொஞ்சம் கசப்பு. தோசைக் கடை வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு நின்றிருந்தவள் அப்படியே அந்தக் கடைக்குள் போய்விட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஃபரீதா உள்ளே இருப்பாள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

ஃபரீதா கீழக்கரைக்காரி. நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், இரண்டு வருடம் என் ரூம்மேட். நான் எந்த போர்டைப் பார்த்தாலும் நின்று கடைசி வரி வரை வாசிப்பேன், அவள் கையைப் பிடித்து இழுப்பாள். "வாங்க மேடம், இதெல்லாம் பரீட்சைல வராது." எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் தார் ரோடு வேலைக்குப் போனவர்கள், ஜல்லி சுமந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் ரோடு போட்டவர்கள் உண்டு, ரோட்டைப் பற்றிப் படித்தது நான்தான். அந்தக் கர்வம் எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அப்படி வாசித்ததில்தான் வந்தது வினை. பக்கத்து ஊரான பிரின்ஸ்டனில் நாங்கள் காபி குடிக்கப் போகும் தெரு, நூறு வருடங்களுக்கு முன்னால் மோட்டார் காருக்கென்று நாட்டின் குறுக்கே கோத்த முதல் சாலையின் ஒரு துண்டாம். ஒரு முனை நியூயார்க், மறுமுனை சான் பிரான்சிஸ்கோ. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். மற்ற இடங்களையெல்லாம் தாண்டி வந்த கார்கள் யூட்டா பாலைவனத்தில் வந்து உட்கார்ந்துவிடுமாம். மேலே உப்பு, காய்ந்த தரைபோல இருக்கும், கீழே களிமண் சேறு. கயிறு, மண்வெட்டி, பலகை எல்லாம் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். மாட்டிக்கொண்டால் புதரை வெட்டித் தீ மூட்டவேண்டும். வெகு தூரத்தில் இருக்கும் பண்ணைக்காரர் புகையைப் பார்த்துக் குதிரைகளோடு வந்து இழுத்துவிடுவார். அந்தப் பக்கத்தை நான் ஃபரீதாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "புகையப் பாத்து வருவாராடி? நம்ம வீட்ல ஸ்மோக் அலாரம் அடிச்சா பக்கத்து ஆன்ட்டிகூட வர்றதில்ல."

அந்த வசந்தத்தில் அவளுக்கு வேலை போனது. எங்கள் விசாவில் வேலை போனால் அறுபது நாள்தான், அதற்குள் வேறு கம்பெனி எடுக்கவில்லை என்றால் ஊருக்குக் கிளம்பவேண்டியதுதான். நாட்கள் கரைந்துகொண்டிருந்தபோது சன்னிவேலில் ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை காலை நேரில் வரச்சொல்லி. எனக்கும் அந்தப் பக்கம்தான் புது வேலை. என் பழைய காரில் சாமான்களை அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். ஞாயிறு காலை யூட்டா வந்துவிட்டோம். நேராக ஃப்ரீவேயில் போயிருந்தால் அன்று இரவே சன்னிவேல். நான்தான் பழைய சாலைத் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"இன்டர்வியூ முடிஞ்சு ஒரு நாள் வரலாம்டி."

"அரை நாள்தான். மதியத்துக்குள்ள ஃப்ரீவே ஏறிடலாம், ப்ராமிஸ்."

மழை பெய்தால் இந்த வழியே போகாதீர்கள் என்று போர்டு இருந்தது. அதையும் முழுக்க வாசித்தேன். முந்தின நாள் பெய்த மழையைத்தான் மறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் காரின் இடப்பக்கச் சக்கரங்கள் அச்சுவரை இறங்கிவிட்டன. போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் வெள்ளையாகத் தரை, தூரத்தில் மலை, நடுவில் நாங்கள். "சரி, உங்க புஸ்தகத்துல அடுத்து என்ன போட்டிருக்கு மேடம்?" என்றாள் ஃபரீதா.

கார் பூஜைக்கு வாங்கிய சூடம் டாஷ்போர்டுக்குள் இருந்தது. புதரை ஒடித்துக் குவித்துச் சூடத்தை வைத்துக் கொளுத்தினோம். பச்சைக் குச்சிகளில் நல்ல புகை வந்தது, கற்பூரவல்லியைக் கசக்கியதுபோல ஒரு வாசனையோடு. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நம்பமாட்டீர்கள், ஆள் வந்தார். மேட்டில் ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. தொப்பி போட்டவர் இறங்கினார். ஃபரீதா கையைத் தூக்கினாள். எனக்கு அந்த நேரத்தில்தான் வேறொரு போர்டு ஞாபகம் வந்தது, இந்த நிலத்தில் தீ மூட்டக்கூடாது என்று. போலீஸ் கேஸ் ஏதாவது ஆனால் விசா ஸ்டாம்பிங்கில் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் படித்ததும் கூடவே வந்தது. "கைய கீழ போடு. கேஸ் ஆச்சுன்னா உனக்குத்தான்டி பிரச்சனை" என்றேன். அவள் கை இறங்கிவிட்டது.

எல்லாம் ஓகேவா என்று ஆங்கிலத்தில் கத்திக் கேட்டார். நான் புளிசாத டப்பாவைத் தூக்கிக் காட்டி, நன்றாக இருக்கிறோம், சும்மா பிக்னிக் என்றேன். அவர் நின்ற பக்கத்திலிருந்து புதைந்த சக்கரங்கள் தெரியாது. "என்னடி பண்ற, சொல்லுடி" என்றாள் ஃபரீதா, வாயசைக்காமல். "சும்மா இரு. அவர் போனதும் நாமளே எடுத்துடலாம்." புகையைப் பார்த்து வந்தேன், நல்லது, தீயை அணைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அவர் வண்டியில் ஏறினார். டிரக் சின்னதாகி, புள்ளியாகி, இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சமையல் தட்டுகளால் தோண்டிப் பார்த்தோம். சக்கரம் இன்னும்தான் இறங்கியது. மறுபடி தீ மூட்ட எனக்குக் கை வரவில்லை. அவளும் கேட்கவில்லை. தொலைபேசிக் கம்பம் பார்க்க வந்த ஒருவர் எங்களை இழுத்து மேலே விட்டபோது திங்கட்கிழமை மதியம். சிக்னல் கிடைத்ததும் அவள் அந்தக் கம்பெனிக்குப் பேசினாள். வேறு ஒருவரை எடுத்துவிட்டோம் என்றார்கள். மிச்ச வழி முழுக்க அவள் என்னைத் திட்டவில்லை. நெவாடா தாண்டும்போது ஒருமுறை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவர் வந்தாருல்ல."

மூன்று வாரம் கழித்து சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் அவளை இறக்கிவிட்டேன். முதலில் பெருநாளுக்குப் பெருநாள் மெசேஜ் வரும். இப்போது நான் அனுப்புவதற்கு ஒற்றை டிக்கோடு சரி. புத்தகத்தில் வந்த அந்தப் பண்ணை எப்போதோ போய்விட்டது. சாலையில் ஒரு பகுதி ராணுவ வேலிக்கு உள்ளே இருக்கிறது, மிச்சத்தை உப்பு மூடிக்கொண்டு வருகிறது. அந்தக் காரையும் விற்றுவிட்டேன்.

கடைக்குள் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைப்பெண் கிட்டே வந்து, எல்லாம் ஓகேவா என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் என் வாய் நன்றாக இருக்கிறேன் என்றது. அவள் சிரித்துவிட்டுத் தழைக்கட்டை மணல் கிண்ணத்தில் குத்தி அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசனையும் இல்லை.