மருந்துக்குக் கேட்ட கிருமி

கோழிப் பண்ணைகளிலிருந்து வரும் எச்சத்திலும் இறைச்சியிலும் கிருமி தேடும் ஆய்வகம் அது. அங்கே அவளுக்குத் தட்டக்கா என்று பெயர். கிருமி வளர்க்கும் தட்டுகளில் கூழ் காய்ச்சி ஊற்றி, ஆறவைத்து அடுக்குபவள். சமையல்காரி என்று நினைத்து, சாப்பாடு எப்போது என்று கேட்ட புதியவர்கள் உண்டு. நாளைக் காலையில் விளைந்துவிடும், தைரியமிருந்தால் சாப்பிடுங்கள் என்பாள்.

அவள் கணவர் ஒரு பண்ணையில் தீவனம் கலந்தவர். தீவனத்தோடு மருந்தும் விழும். நோய் வந்ததற்கல்ல, வராமலிருக்க. "கோழிக்குத் தும்மல் வர்றதுக்கு முன்னாடியே மருந்து. எனக்குக் காய்ச்சலே வந்தாலும் உன் வெந்நீர்தான்" என்று குறைப்பட்டுக்கொள்வார். கடைசியாக வந்த காய்ச்சல் வெந்நீருக்கும் கேட்கவில்லை, ஊசிக்கும் கேட்கவில்லை. அவர் ரத்தத்திலிருந்த கிருமியை ஆஸ்பத்திரி இந்த ஆய்வகத்துக்குத்தான் அனுப்பியது. மரபணுவைப் படித்தபோது, அதுவும் பண்ணைக் கோழிகளின் கிருமியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்தது.

அந்தக் கிருமியை அடைத்த குப்பி ஆய்வகத்து உறைபெட்டியில் இருந்தது. அவர் உடம்பிலிருந்து வந்ததில் உயிரோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அவரைக் கொன்றதும் அதுதான். வருஷத்துக்கொரு முறை அதை எடுத்து வளர்ப்பாள். மறுநாள் மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்ப்பாள். வளர்ந்ததில் கொஞ்சத்தைப் புதுக் குப்பிக்கு மாற்றிவிட்டு, பழையதைப் பெரிய குக்கரில் அவித்துக் கொட்டுவாள். இந்த மாதிரிக் கிருமிகளை மருந்து கலந்த தட்டில்தான் வளர்க்க வேண்டும். மற்றவற்றுக்குக் கலப்பாள். இதற்கு மட்டும் கை வராது. மருந்துக்கு நடுவே அது அசையாமல் நிற்பதைத்தான் ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்றே.

உறைபெட்டியில் இடம் போதாமல் போனது. மருந்துக்கு அடங்காதவை மட்டும் இருக்கட்டும், மற்றவற்றை அழித்துவிடலாம், மரபணு எழுத்தெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றார் தலைமை ஆய்வாளர். சோதிக்கும் வேலை அவளுக்கு. அவளுக்குப் பயமில்லை. கணவருடைய கிருமி அடங்காது.

தட்டு முழுக்க அந்தக் கிருமியைப் பூசி, நடுவில் மருந்து வில்லையை வைத்தாள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காது; வெறும் வட்டம் விழும்.

காலையில் வட்டம் விழுந்திருந்தது. அகலமான, சுத்தமான வட்டம்.

குப்பி மாறிவிட்டதோ என்று திரும்பச் செய்தாள். திரும்பவும் வட்டம். ஆய்வாளர் மரபணுவை மறுபடி படித்தார். அதே கிருமிதான், மருந்தை எதிர்க்கும் துண்டு மட்டும் காணோம்.

"மருந்தில்லாத தட்டுலயே வளத்தீங்களாக்கா?"

தலையாட்டினாள்.

"அப்புறம் அந்தச் சுமை அதுக்கு எதுக்கு? இறக்கி வெச்சிருச்சு."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் குப்பியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு, இந்த ஒரு குப்பியை ஓரமாக வைத்துக்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"மத்ததுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா சார்? அதைத்தானே இத்தனை வருஷமா பண்ணிட்டிருந்தேன்."

குப்பியையும் தட்டையும் குக்கருக்கு எடுத்துப்போனாள். மூடுவதற்கு முன் தட்டை மட்டும் ஒருதரம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதே மருந்துதான். ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாகக் கணவர் கைக்குள் இறங்கியது, கண் திறப்பாரா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தது, எல்லாம் இந்த வட்டத்துக்காகத்தான்.

"மருந்துக்குக் கேட்டிருச்சுங்க" என்றாள். ஆய்வாளரிடம் அல்ல.