மூன்று டம்ளர் தண்ணீர்

காலை ஆறரைக்குக் குரும்பலூரில் டவுன் பஸ் ஏறினேன். பெரம்பலூர் வரை பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. கட்டைப்பையில் என் தங்கை செலினுக்கு ஒரு நைட்டியும் ஒரு டப்பா இட்லியும் இருந்தன. அவற்றோடு ஒரு கெட்ட சேதியும் கொண்டுபோனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அதற்காகத்தான் இந்தப் பயணமே.

செலின் வரதராஜன்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வாரத்தில் இரண்டு நாள் அரியலூருக்கு வந்து போகிறாள். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நான்தான் முன்வந்தேன். ரத்த வகை ஒத்துப்போனது. மற்றதும் பொருந்திவிட வேண்டும் ஆண்டவரே என்று ஆறு மாதமாகத் தினமும் முழந்தாளிட்டுக் கெஞ்சினேன். முந்தாநாள் திருச்சியில் டாக்டர், "உங்களுக்கே சர்க்கரை இருக்கும்மா. உங்ககிட்ட எடுக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு இடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். தனியார் பஸ், இருபத்தைந்து ரூபாய். ஏழரை மணிக்கே தவக்காலத்து வெயில் ஜன்னல் கம்பியைச் சுட வைத்துவிட்டது. இருபுறமும் மக்காச்சோளம் அறுத்துப்போட்ட வெறுங்காடு. அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். சாலையோர மரங்களெல்லாம் மாவு பூசிக்கொண்டு நின்றன. பக்கத்து சீட்டில் மடியில் கூடையோடு ஓர் அம்மா.

"எது வரைக்கும் போறீங்க?" என்றார்.

"வரதராஜன்பேட்டை. தங்கச்சி வூட்டுக்கு."

"விசேஷமா?"

"ஆமா, விசேஷந்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

கூடையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து ஒடித்துப் பாதியைக் கொடுத்தார். "தின்னுங்க, தாகத்துக்கு நல்லது." வாங்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டினேன். எப்படியாவது வேறு வழி காட்டும், எப்படியாவது வேறு வழி காட்டும். மணி நகர்ந்ததே தவிர கவலை நகரவில்லை. கடன்காரனைப் போல் ஆண்டவரை விடாமல் நச்சரித்தேன்.

அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் இன்னொரு பஸ். ஜெயங்கொண்டம் தாண்டியதும் முந்திரித் தோப்புகள் தொடங்கிவிடுகின்றன. பழம் உதிர்ந்து புளித்த வாடை பஸ்ஸுக்குள்ளேயே வரும். மற்ற வருஷங்களில் அந்த வாடைக்கே எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். இந்தத் தடவை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். செலினின் வீட்டுக்காரர் தோப்பு வேலைக்குப் போயிருந்தார். அவள் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஊதி, கால் இரண்டும் வீங்கி இருந்தாள். "என்னக்கா, இப்படிக் கறுத்துப்போயிட்ட?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்கிறாள்!

வழியெல்லாம் தயார் செய்த ஆறுதல் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "என்னால குடுக்க முடியாதாம்டி. எனக்குச் சர்க்கரையாம்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

ஒடிந்து உட்காருவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, "தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "எதுக்குடி தோத்திரம்?"

"அக்கா வயித்துல கத்தி படக் கூடாதுன்னுதான் நான் தினம் ஜெபம் பண்ணேன்."

அடிப்பாவி! குரும்பலூரில் நான் முட்டி தேயக் கேட்டதை, இங்கே உட்கார்ந்து இவள் வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். ஆறு மாதமாக ஆண்டவர் இரண்டு பேருக்கும் காது கொடுத்து என்ன பாடுபட்டாரோ.

"அதுக்காக எனக்குச் சர்க்கரைய வரவெச்சியாடி?" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதியிலேயே இரண்டு பேருக்கும் அது அழுகையாகிவிட்டது.

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாருகிட்டக்கா சண்டை போடுவேன்?" என்றாள்.

மத்தியானம் இட்லியைப் பிட்டுத் தின்றுவிட்டுச் சின்ன டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் அவள் குடிக்கக் கூடாது; குடித்தால் வெளியேற வழியில்லை. ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். என்னடி என்றேன்.

"முன்னல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பேன்க்கா. கேக்கக் கேக்கப் பயந்தான் வரும். பயம் வந்தா இன்னும் தாகமெடுக்கும். அதான் ஒரு வாய்க்கு ஒரு நன்றின்னு ஆக்கிட்டேன். மெதுவாத்தான் எறங்குது, ஆனா போதும்னு ஆயிடுது."

"இந்த வாய்க்கு என்ன சொன்ன?"

"அக்கா பஸ்ஸு மாறி மாறி வந்திருக்கான்னு."

நாலரை மணிக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை கூட வந்தாள். அதற்குமேல் கால் ஒத்துழைக்கவில்லை. இனி யார் கொடுப்பார்கள், எப்போது கிடைக்கும், அது வரை அவள் தாங்குவாளா, ஒன்றும் தெரியாது. போகும்போது இருந்த பாரம் வரும்போதும் அப்படியே இருந்தது.

ஜெயங்கொண்டத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் சொம்பு நிறைய மொண்டு பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கொல்லையில் வீசுகிறவள் நான். மூடியைத் திறந்தேன். பழக்கத்தில் வாய், "எப்படியாவது பொருந்த..." என்று ஆரம்பித்தது. அந்த ஜெபத்துக்கு இனிமேல் வேலையில்லை. கேட்பதை விட்டால் ஆண்டவரிடம் பேச என்னிடம் வேறொன்றுமே இருக்கவில்லை. செலின் டம்ளரைப் பிடித்த மாதிரி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"எங்க செலின் இன்னிக்கு இருக்கா. தோத்திரம்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மூடியைத் திருகினேன். தாகம் தீரவில்லை. அடுத்த வாய்க்கு இன்னொரு நன்றி யோசிக்க வேண்டியிருந்தது.