பெயரைப் பிரிக்க மறுத்த அக்கா

அக்காவை அறிந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், தங்கையாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரை ‘யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்’ என்று எழுதுவார்கள். அக்காவைப் பற்றி அப்படி எழுத முடியாது. பேச வேண்டிய இடத்தில் அவர் அதிர்ந்துதான் பேசினார்.

அக்கா பிறந்தது சிங்கவரத்தில். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் ஒரு பெரிய வீட்டாரின் கழனியில் நடவு நட்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி எங்களை வளர்த்தார்கள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் அக்கா சைக்கிளில் செஞ்சிக்குப் போய்த் தையல் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கேதான் ஆசிரியை ஒருநாள், பூத்தையல் போட்ட பழைய புத்தக உறைகளின் படங்களைக் காட்டியிருக்கிறார். மேல்நாட்டில் ராஜாக்கள் காலத்தில் ஜெப புத்தகங்களுக்கு வெல்வெட்டிலும் வெள்ளிச் சரிகையிலும் உறை தைத்தார்களாம். ஒரு இளவரசி தன் சிற்றன்னைக்குத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தாளாம். நம் பக்கத்திலும் ஓலைச்சுவடிகளைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்தார்கள் என்று ஆசிரியை சொல்ல, அக்கா கேட்ட ஒரே கேள்வி இதுதான்: “இளவரசி சரி டீச்சர். மத்ததெல்லாம் தெச்சவங்க பேரு இன்னா?”

பெரும்பாலும் தெரியாது என்றார் ஆசிரியை. அந்தப் பதில் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு செஞ்சியில் ஒரு பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தாள் மடிக்கத்தான் எடுத்தார்கள். உறை தைக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சரிகையைத் துணிக்குள் இழுத்தால் அறுந்துவிடும் என்பதால், அதை மேலேயே படுக்க வைத்து மெல்லிய பட்டு நூலால் பிடித்துத் தைப்பார். முதுகுப் பக்கம் தையல் தடித்தால் புத்தகம் விரியாது. பசை ஊறித் துணி கறைபடாமலிருக்க அடியில் முதலில் காகிதம் ஒட்டுவார். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார். இதையெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நைனா வேலை செய்த பெரிய வீட்டாரிடமிருந்து கடைக்கு ஒரு வேலை வந்தது. அவர்கள் நடத்தும் பஜனை மடத்துப் புராணப் புத்தகத்துக்கு உறை வேண்டும் என்றார்கள். அக்கா மாதக்கணக்கில் உட்கார்ந்து சிவப்பு வெல்வெட்டில் தாமரைக் கொடி தைத்தார். உள்மடிப்பின் ஓரத்தில் தன் பெயரையும் சிங்கவரம் என்ற ஊர்ப்பெயரையும் சின்னதாகத் தைத்து வைத்தார்.

வாங்க வந்த அந்த வீட்டுப் பெரியவர் உறையைப் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“இன்னாம்மா இது?”

“எம்பேருங்க. நான்தான தெச்சேன்.”

“சாமி புத்தகத்துல உம்பேரு எதுக்கு? அத்த பிரிச்சுட்டுக் குடு.”

“பிரிக்க மாட்டேங்க. வேணாம்னா வெச்சுட்டுப் போங்க.”

கடை முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரியவர் போன கையோடு, “நாளையிலருந்து வராதம்மா” என்று சொல்லிவிட்டார். வெல்வெட்டுக்கும் சரிகைக்கும் உண்டானதைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி, அக்கா உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் நைனாவையும் அம்மாவையும் கழனிக்கு வர வேண்டாம் என்று ஆள் வந்து சொன்னது.

அம்மா அழுதார். நைனா கேட்டார்: “ஏம்மா, நாலு எழுத்துதான. பிரிச்சுட்டா இன்னா கொறஞ்சிடும்?”

“நைனா, நீ நட்ட பயிருல உம்பேரு எழுத முடியாது. நான் தெச்ச துணியில எழுத முடியும். அத்தயும் ஏன் உடணும்?”

நைனா உறையை வாங்கி, எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “அப்ப இருக்கட்டும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, செஞ்சிக்கு மூட்டை தூக்கும் வேலை தேடிப் போனார். அந்த வருஷம் நாங்கள் பட்ட பாட்டை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. ஆனால் கால் பிடித்துக் கெஞ்ச எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

அக்கா செஞ்சியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அந்த உறையை வாசலில் தெரியும்படி மாட்டினார். பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள். பைபிளுக்கும் குர்ஆனுக்கும் உறை கேட்டார்கள். கல்யாண ஆல்பத்துக்குக் கேட்டார்கள். அதுவரை உள்மடிப்பில் தைத்த பெயரை, அதன்பின் அக்கா வெளியிலேயே தைத்தார். “இஷ்டமில்லாதவங்க வேற கடைக்குப் போகலாம்” என்பார். சிலர் போனார்கள். நிறையப் பேர் வந்தார்கள். இன்று அக்காவின் பட்டறையில் தைக்கும் பெண்கள் எல்லோரும் தத்தம் பெயரைத்தான் தைக்கிறார்கள்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், “தோணல” என்பார். அதற்கு மேல் யாரையும் கேட்க விடமாட்டார்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. புதுச்சேரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். விரல் நுனிகள் மரத்துப் போயின. ஊசி குத்தியதே தெரியாமல் வெள்ளைப் பட்டில் ரத்தம் பட்டபோது, அதை ஒதுக்கிவிட்டு வேறு பட்டை விரித்தார். “போதும்க்கா, படு” என்றேன். “படுக்கத்தான் போறேன். இப்பவே ஏன் அவசரம்?” என்றார். கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, “எனக்கு ஆம்பளப் புள்ள இல்லன்னு எவனாவது வருவான். நீயே கொள்ளி வெய்யி” என்றார்.

அப்படித்தான் நடந்தது. சித்தப்பா வழியை மறித்து, “பொம்பள சுடுகாட்டுக்கு வரக் கூடாதும்மா, ஊர் இன்னா பேசும்?” என்றார். “அக்கா எங்கிட்டதான் சொல்லிச்சு. நான்தான் வெப்பேன்” என்றேன். பட்டறைப் பெண்கள் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். ஆண்கள் சிலர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் நான்தான் வைத்தேன்.

புதுச்சேரிக்கு உடன் வந்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த பெண்களுக்கும் எங்கள் நன்றி. பாதியில் திரும்பியவர்களுக்கும் இந்த மலரைத் தபாலில் அனுப்புகிறோம். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் அன்று நாங்கள் செய்தது சரிதான் என்று இன்றும் சொல்கிறோம். திவசத்துக்கு வாருங்கள். அதையும் நான்தான் செய்கிறேன்.