மரியாவைக் கூப்பிட்ட கிளி

அந்தக் கிளியை அவர்கள் நல்ல மனத்தோடுதான் தந்தார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவார். நல்ல மனமாம், நல்ல மனம்! ஒன்பது வருடம் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, கால் நகம் வெட்டி, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டவருக்கு, நினைவாக வைத்துக்கொள் என்று அந்த வீட்டு மகள் தூக்கிக் கொடுத்தது நெஞ்சில் ஒரு இறகுகூட இல்லாத கிளியை. வீட்டை விற்கப் போகிறார்கள். கதிரை, மேசை, படம், பீங்கான் எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது. கத்துகிற கிளியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நடந்தது அதுதான். அம்மாவிடம் சொன்னால், "விடு பிள்ளை, செத்த வீட்டைப் பற்றிக் கதையாதை" என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்போது எனக்குப் பத்து வயது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் சீசாப் பக்கம், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அம்மா வேலை செய்தது கால்சாவில், கடலைப் பார்த்த ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில். அந்த வீட்டுக்காரக் கிழவியை நாங்கள் சிஞ்ஞோரா என்றுதான் சொல்லுவோம். நான் அவளைக் கண்டதே இல்லை. வேலைக்கு வருகிற ஆள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கூட்டிலே தன்னுடைய சால்வையைப் போர்த்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அம்மா வந்து இறங்கிய அன்றைக்குத்தான் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கென்று ஒன்று வந்தது.

"உதென்ன கண்டறியாத கிளி, காகத்துக்குப் பிறந்த மாதிரி?" என்றார் அப்பா. அது சாம்பல் நிறம். வால் மட்டும் குங்குமச் சிவப்பு. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோசம். நாய்க்குட்டி கேட்டுக் கேட்டு வாய் நொந்துபோயிருந்தவளுக்கு ஒரு கிளி! அரை மணித்தியாலத்துக்குள் அது என்னுடையது என்று நானே முடிவு செய்துவிட்டேன். சோற்றுக்குக் கடிக்க வைத்திருந்த பச்சைமிளகாயை அப்பா விளையாட்டாக நீட்டினார். அது வாங்கி, ஒரு காலில் பிடித்து, விதையோடு கறுக்குமொறுக்கென்று தின்றது. "அட, எங்கடை ஆள்தான்!" என்று அப்பாவும் கட்சி மாறினார்.

ஆனால் அது தன் இறகைத் தானே பிடுங்கியது. காலையில் எழும்பிப் பார்த்தால் கூட்டின் அடியில் சாம்பல் பஞ்சு. சீசாவில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்க வந்து பார்த்து, "என்ன வடிவான வால்!" என்று சொல்லிவிட்டுப் போனதால் இது நாவூறு என்று அம்மா முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, கூட்டை மூன்று தரம் சுற்றி, சாம்பிராணித் தட்டுத் தணலில் போட்டார். மணம் வருகிறது என்று கீழ்வீட்டுக்காரி சத்தம் போடுவாள் என்று யன்னலை வேறு பூட்டியிருந்தார். மிளகாய் எரியும்போது இருமல் வராவிட்டால்தான் நாவூறு இருந்தது என்று அர்த்தம். நாங்கள் மூன்று பேரும் கண்ணால் மூக்கால் தண்ணீர் ஓட இருமினோம். "அப்ப நாவூறு இல்லை" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, கிளி தடியில் இருந்து தொப்பென்று விழுந்தது.

எங்கள் தெருவில் இருந்த மிருக வைத்தியர் நாய் பூனைக்காரர். கையை விரித்துவிட்டு, பறவை பார்க்கிற ஒரு பெண் டொக்டரின் விலாசத்தைத் தந்தார். அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேப்பர்" என்று கையை நீட்டினாள். அம்மா பதறிப்போய்க் கைப்பையைத் திறந்து எங்கள் மூன்று பேரின் பெர்மெசோவையும், இந்த நாட்டில் இருக்கலாம் என்று தருகிற அந்த அட்டைகளை, வரிசையாக எடுத்து வைத்தார். "உங்களுடையது இல்லை, கிளியுடையது" என்று அவள் சிரித்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. கூட்டோடு வந்த கடித உறைக்குள் அது இருந்தது: கிளியின் கால் வளையத்து இலக்கத்தோடு ஒரு சான்றிதழ். பிறந்த நாடு இத்தாலி என்று போட்டிருந்தது. நானும் அதே நாட்டில்தான் பிறந்தேன், எனக்கு ஒருவரும் அப்படி எழுதித் தரவில்லை.

டொக்டர் நல்லவர். கிளியைக் காற்றுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீட்டில் என்ன எரித்தீர்கள் என்று கேட்டார். அம்மாவின் இத்தாலியன் வீட்டு வேலை இத்தாலியன். துடைக்க, தேய்க்க, சூப் வைக்கப் போதும். நுரையீரலுக்குப் போதாது. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பு. நாவூறு என்பதற்கு நான் மலோக்கியோ என்றதும், ஏசத் திறந்த டொக்டரின் வாய் நின்றுவிட்டது. தன்னுடைய மாமியும் மலோக்கியோவுக்குத் தண்ணீரில் எண்ணெய் விட்டுப் பார்ப்பாராம். "செய்யுங்கள், ஆனால் கிளிக்குப் பக்கத்தில் வேண்டாம்" என்றார். புகை வேண்டாம், சாம்பிராணி வேண்டாம், சூரியகாந்தி விதையை மட்டுமே தீனியாகப் போட வேண்டாம், நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும், கடித்துக் குதற மரத்துண்டு வேண்டும் என்று எழுதித் தந்தார். அம்மா அந்தத் துண்டைச் சாமிப்படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாமிகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமையும் சாம்பிராணி கிடைக்கவில்லை.

நெஞ்சு தெளிந்ததோ இல்லையோ, கிளிக்குக் குரல் வந்துவிட்டது. அதுவும் என்ன குரல்! கரகரத்த, பல் இல்லாத, அதிகாரமான ஒரு கிழவியின் குரல். "மரியா! வெனி க்கா!" மரியா, இஞ்சை வா என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிஞ்ஞோரா மாதாவைக் கூப்பிட்டுக் கும்பிடுகிறவள் போல, கிளி அதைப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். "எங்கடை கிளி வேதக்காரக் கிளி" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதே குரலில் கூப்பிட நானும் பழகிக்கொண்டேன். கிளியும் நானும் மாறி மாறிக் கூப்பிட்டால் யார் கிளி, யார் நான் என்று அப்பாவுக்கே தெரியாது.

கூப்பிட்டு ஒருவரும் போகாவிட்டால் அது கீச்சிடும். கீச்சிட்டும் போகாவிட்டால் இறகைப் பிடுங்கும். இரண்டாம் தரம் போனபோது டொக்டர் விளக்கமாகச் சொன்னார். கூப்பிட்டால் ஆள் வரும் என்று அது படித்துவைத்திருக்கிறது, அதை மறக்கப்பண்ண வேண்டும். கூப்பிடுகிறபோது ஒருவரும் எழும்பக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. சத்தமில்லாமல் இருக்கிறபோது போய் ஒரு துண்டு வால்நட் கொடுங்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தால் மாறும். மாறாவிட்டால் தோல் புண்ணாகிப் போகும், பிறகு இந்தக் கிளியை வீட்டில் வைத்திருக்க முடியாது, வேறு பறவைகள் இருக்கிற இடம் பார்க்க வேண்டிவரும் என்றார்.

ஒரு மாதம்! என் கிளி என்னிடம் இருப்பதும் போவதும் அந்த ஒரு மாதத்தில் இருந்தது. கொப்பித் தாளில் மூன்று கோடு போட்டு, அப்பா, அம்மா, நான் என்று எழுதி, பிரிட்ஜில் ஒட்டினேன். கிளி கூப்பிட்டு யார் எழும்பினாலும் அவருடைய பெயருக்குக் கீழே ஒரு புள்ளடி. நான் கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்பா ரீவீச் சத்தத்தைக் கூட்டிவைக்கப் பழகினார். அவருக்கு இரண்டே இரண்டு.

அம்மாவின் பகுதி நிரம்பி, தாளின் மறுபக்கத்துக்குப் போனது.

என்ன சொல்லியும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார், "மரியா!" என்றதும் கை கழுவாமலே எழும்பிவிடுவார். ஊரில் இருந்து சித்தி வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும், போனை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிடுவார். புது வேலை வீட்டிலும் அவருக்கு வியாழன் பின்னேரம்தான் லீவு. அன்றைக்கு மட்டும் பகலில் கட்டிலில் சரிவார். கண் அயர்ந்த நேரம் பார்த்துக் கிளி கூப்பிடும். அது "வெனி க்கா" என்று முடிக்க முன்னம், சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா கூட்டுக்கு முன்னால் நிற்பார். நித்திரைக் கண்ணோடு, ஏன் வந்தேன் என்று தெரியாதவர் போல.

"அம்மா, எழும்பாதேங்கோ! டொக்டர் சொன்னது விளங்கேல்லையே உங்களுக்கு?"

"சும்மா எழும்பினனான் பிள்ளை. தண்ணி குடிக்க."

பச்சைப் பொய்! தண்ணீர் குடிக்க வருகிறவர் ஏன் கூட்டடியில் நிற்கிறார்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேண்டுமென்றே செய்கிறார், கிளி இருக்கிறது அவருக்குப் பிடிக்கவில்லை, என் சந்தோசம் யாருக்குத்தான் பிடித்தது என்று அழுதேன். ஒருநாள் அறைக் கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கச் சொன்னேன். உள்ளே படுத்திருந்தார். கிளி கூப்பிட்டது. கதவுப்பிடி திரும்பியது. நான் வெளியில் நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே, "படுங்கோ, படுங்கோ" என்று கத்தினேன்.

மாதம் முடிந்து டொக்டரிடம் போனபோது கிளியின் நெஞ்சில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரோ எழும்புகிறார்கள், யார் அது என்று டொக்டர் கேட்டார். நான் மடித்துக் கொண்டுபோன தாளை மேசையில் விரித்தேன். அம்மாவுக்குப் பிடிபடாத வேகத்தில், பள்ளிக்கூட முற்றத்தில் கதைக்கிற இத்தாலியனில், எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் இரண்டு பேரிலும் பிழையில்லை, இவதான், எத்தனை தரம் சொல்லியும் கேட்கிறா இல்லை என்று அம்மாவைக் கையால் காட்டினேன். அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கிளி கூப்பிட்டது. "மரியா! வெனி க்கா!"

அம்மா எழும்பிவிட்டார். அந்தக் கதிரையில் இருந்து, டொக்டருக்கு முன்னால், கைப்பை கீழே விழ.

டொக்டர் தாளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மரியா யார் என்று கேட்டார்.

"நான்தான், டொக்டர்" என்றார் அம்மா, இத்தாலியனில். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பஸ்ஸில் நான் விடவில்லை. உங்களுக்குப் பெயர் இல்லையா, ஏன் மரியா என்று துளைத்தேன். "என்ரை பேர் அவவுக்கு வாயிலை வராது" என்றார். வராதாம்! கல்தனிசெத்தா, மிசில்மேரி என்று ஊர்ப் பெயரெல்லாம் வருகிற வாயில் நாலு எழுத்துத் தமிழ்ப் பெயர் ஒன்பது வருடமாக வரவில்லையாம். தனக்கு முதல் அந்த வீட்டில் வேலை செய்ததும் ஒரு மரியா, அவவும் உண்மையிலே மரியாவோ தெரியாது என்றும் சொன்னார், சாதாரணமாக, பஸ் எந்த நேரம் வரும் என்று சொல்லுகிறது மாதிரி. இன்றைக்கு என்றால் அந்த மாளிகை வாசலில் போய் நின்று கத்துவேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு பெயர் விசயம், அவ்வளவுதான். என் கோபமெல்லாம் கிளியைப் பற்றியது.

அடுத்த கிழமை டொக்டர் போன் எடுத்தார். சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர், மரங்களுக்கு நடுவில் பெரிய கூடு கட்டி, இதே சாதிக் கிளிகள் சிலதை வளர்க்கிறாராம். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சி, டொக்டர், சி" என்று இரண்டு தரம் ஓம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பா யாரிடமோ கார் வாங்கி, கிளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நான் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு வெளியில் வர மாட்டேன் என்று விட்டேன். அப்பா கொண்டுவந்த மண்டரினில் ஒரு சுளைகூடத் தொடவில்லை. அம்மாவோடு கதைபேச்சை நிறுத்தினேன்.

கிளி போய் மூன்றாவது வியாழன். பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், அம்மா நித்திரை. சும்மா நித்திரை இல்லை, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, குழந்தைப்பிள்ளை மாதிரி. அப்படி அவர் தூங்கி நான் கண்டதில்லை. நான் வந்தது தெரியவில்லை, பையைப் போட்டது தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என் கிளியைத் துரத்திவிட்டு இவவுக்கு என்ன நிம்மதி, என்ன நித்திரை!

குசினிக்குப் போனேன். கூடு தொங்கிய கொழுக்கிக்குக் கீழே நின்றேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கிளியிடம் படித்த அந்தக் கரகரத்த குரலில், என்னால் முடிந்த அதிகாரத்தோடு கூப்பிட்டேன்.

"மரியா! வெனி க்கா!"

கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்கால் சத்தம். கொண்டை அவிழ்ந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். முதலில் கொழுக்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்துத் தோளை இறுக்கிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டார். பிறகு, "பசிக்குதோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, முகம் கழுவாமலே அடுப்பைப் பற்றவைத்தார்.

நான் மேசையில் போய்க் காலை ஆட்டிக்கொண்டு இருந்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.