முன்பக்கத் துளை

கடைத்தெருவில் அவரைச் சொருகி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பென் டிரைவோ பிரிண்டரோ, எதைச் சொருகினாலும் தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டால் தெருக்காரர்கள் அவரிடம்தான் ஓடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அவருடைய வைத்தியத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சார ஒயரைப் பிடுங்கிவிடுவார். பிறகு, உள்ளே தேங்கிக் கிடக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் இறங்கட்டும் என்று பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடிப்பார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பாதி மிஷின்கள் அதிலேயே சரியாகிவிடும். "சும்மா உட்கார்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வம்புக்கு இழுப்பார். "அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு நீ உட்காரு பார்ப்போம்" என்பார் சொருகி.

அதற்கும் மசியாவிட்டால் டார்ச், பழைய டூத் பிரஷ், டிரைவரை அழித்து மறுபடி ஏற்றுவது என்று போகும். பென் டிரைவ் சொருகுகிற துளை மேலேயே சந்தேகம் வந்துவிட்டால் பலியாட்டை எடுப்பார். பலியாடு என்பது மூடி தொலைந்த ஒரு பென் டிரைவ். உள்ளே ஒன்றும் கிடையாது, போனால் போகட்டும் என்று அதைத்தான் முதலில் சொருகுவார். அது பிழைத்து வந்தால்தான் வந்தவருடைய பொருள் உள்ளே போகும். அவர் கையால் ஒருவருடைய ஒரு ஃபைல்கூடப் போனதில்லை என்று தெருவே சொல்லும்.

அவருக்கு ஒரே தங்கை. தையல்கடையில் துணி வெட்டுகிறவள். உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள். அப்படி ஒரு வாய். அண்ணனை அவள் திட்டாத நாள் கிடையாது. சட்டை கசங்கியிருந்தால் திட்டு, போன் எடுக்காவிட்டால் திட்டு. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நாள் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் வாய் வலிக்க வலிக்கப் பேசினாள். ஆயிரத்து இருநூறு வாக்கியம். அதை வைத்து ஒரு புரோகிராம் செய்து தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். இவள் டைப் அடித்தால் இவள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். பதிவெல்லாம் நகத்தளவு பென் டிரைவ் ஒன்றில் வந்து சேர்ந்தது. ரெண்டு வாரத்துக்கு மேல் தங்களிடம் வைத்திருக்க மாட்டோம், காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூடத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி அலைச்சலில் யாருக்கு அது ஞாபகம் இருந்தது? மூன்று வாரம் அவள் அங்கே கட்டிலிலேயே கிடந்தாள்.

அந்த மூன்று வாரத்தில் சொருகி ஒரு நல்ல காரியம் செய்தார். தங்கை வீட்டுக் கம்ப்யூட்டர் அவரே பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தது. அவள் வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று அதைக் கழற்றித் துடைத்து மாட்டிவைத்தார்.

அவள் வீடு வந்து நாலாம் நாள், பகலில், தங்கை மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், பென் டிரைவைப் போட்டா எடுக்கவே மாட்டேங்குது. புரோகிராம் செய்றவர் இன்னைக்கே அனுப்பச் சொல்றார்."

சொருகி போனார். கழுத்தில் கட்டோடு தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நோட்டும் பேனாவும். அண்ணனைப் பார்த்ததும், "இளைச்சுட்டே" என்று எழுதிக் காட்டினாள். அவர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்பக்கத்துத் துளைகளில் ஒவ்வொன்றாகப் பென் டிரைவைச் சொருகிப் பார்த்தார். ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. கடையாக இருந்தால் அப்போதே ஒயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு உட்கார மனசு வரவில்லை. மூன்று வாரமாகக் கேட்காத குரல் அந்த நகத்தளவு பொருளுக்குள் இருக்கிறது. அதை இப்போதே கேட்டாக வேண்டும், அவ்வளவுதான். முன்பக்கத்தில் ஒரு துளை இருந்தது. பலியாடு பையில்தான் இருந்தது. தன் கையால் கட்டிய மிஷின், தானே துடைத்து வைத்த மிஷின், இதற்குப் போய்ப் பலியாடா என்று தோன்றியது. நேராகச் சொருகிவிட்டார்.

விளக்கு எரியவில்லை. விரலில் சுருக்கென்று சூடு பட்டது. பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது.

வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் டப்பாவின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். அந்த மாதிரிப் பழைய டப்பாக்களில் முன்பக்கத் துளைக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று நாலு ஒயர் தனித்தனியாக வரும். ஒவ்வொன்றையும் மதர்போர்டில் அதனதன் ஊசியில் மாட்ட வேண்டும். சிவப்பு இருக்க வேண்டிய ஊசியில் கறுப்பு இருந்தது, கறுப்பின் இடத்தில் சிவப்பு. மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறது. மாட்டியது யார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒயர்களைச் சரியாக மாற்றினார். பிறகு, எதற்கு என்று தெரியாமலே, கைப்பழக்கத்தில் மின்சாரத்தைப் பிடுங்கினார், பொத்தானை அழுத்திப் பிடித்தார், கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மிஷினை மறுபடி போட்டுப் பலியாட்டைப் பின்பக்கம் சொருகினார். பட்டென்று விளக்கு எரிந்தது. எல்லாத் துளையிலும் எரிந்தது. அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தால் பின்பக்கத்திலேயே எடுத்திருக்கும், அவள் குரல் இருந்திருக்கும். பாவி மனுஷன், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பார்த்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அழிந்த ஃபைலை மீட்கிறவர் ஒருவர் ரெண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தார். அவர் பென் டிரைவின் மேலோட்டைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் ஒரே சிப்புல இருக்கற டைப்புங்க இது. சிப்பே வெந்து போயிருக்கு. இதுல எடுக்க ஒண்ணுமில்லை." சொருகி வழியிலேயே நின்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போன் செய்தார். அழித்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது என்றார்கள்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே மாப்பிள்ளைக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நல்ல மனுஷன், முந்திக்கொண்டு சமாதானம் சொன்னார். "சின்ன சாமான்தானே மச்சான், தானா போயிருக்கும். நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அந்த ஒயரைப் பற்றி உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது. சொருகி நேராக உள்ளே போய்த் தங்கைக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"தானா போகலைடி. நான்தான் கெடுத்தேன். ஒயரை மாத்தி மாட்டினதும் நான்தான், பலியாட்டைப் போட்டுப் பார்க்காம சொருகினதும் நான்தான். சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தா போதும். உட்காரலை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்துக் கட்டுக்குள்ளிருந்து மூச்சு மட்டும் புஸ்புஸ் என்று வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவள் நோட்டை எடுத்து எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

"வெளியே யார்கிட்டயும் சொல்லிடாதே. கடைக்கு ஆள் வராது."

அவர் அதை ரெண்டு தடவை படித்தார். தாங்க முடியவில்லை.

"இதெல்லாம் எழுதாதேடி. என்னைத் திட்டு. நல்லா நாலு வார்த்தை திட்டிடு."

அவள் பேனாவை எடுத்தாள். நோட்டில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு மூடியைப் போட்டுப் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள்.