ஒன்பதாம் நம்பரைப் பெண் பார்க்கப் போனோம்

எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணியில் முதலில் பாடிப் போகும் ரைடருக்குப் போலீஸ் வேலை கிடைத்த செய்தி வந்தபோது, நான் கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குப் பித்தளைக் குடம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வாழைக்காய் மண்டிக்காரர் எங்கள் ரசிகர் வாட்ஸப் குழுவில் குரல் செய்தி போட்டிருந்தார். "ஆர்டர் வந்திருச்சு. பிள்ளை பயிற்சிக்குக் கெளம்புது. நம்ம கதை முடிஞ்சுபோச்சு" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு, "இருந்தாலும் எல்லாரும் வாழ்த்துச் சொல்லிருங்க" என்று முடித்திருந்தார். நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு முதலில் வாழ்த்து அனுப்பினேன். பிறகுதான் இனி யார் பாடப் போவது என்ற நினைப்பு வந்தது.

தேனியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்குக் கபடியில் என்ன வேலை என்று என் வீட்டுக்காரரே பலமுறை கேட்டிருக்கிறார். பெண்கள் கபடிப் போட்டிகளில் குக்கரும் அண்டாவும் பரிசாகத் தருவார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு போட்டிக்குப் பரிசுப் பாத்திரங்கள் எங்கள் கடையிலிருந்து போயின. சரக்கை இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அங்கே ஒரு பெண் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிராளிகள் பக்கம் போனாள். மூன்று பேர் சேர்ந்து அமுக்கியும் அவர்களை இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். நான் அண்டாக்கள் மேல் ஏறி நின்று கத்தியதாகக் கடைப் பையன்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர் அணி ஆடிய ஆட்டம் எதையும் நான் தவறவிட்டதில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கவும் கற்றுக்கொண்டேன்.

போலீஸ் வேலைச் செய்தி வந்தது வைகாசிக் கடைசியில். போட்டிகள் எல்லாம் முடிந்திருந்த நேரம். அடுத்த வாரமே இன்னொருத்திக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்தது. மூன்றாமவள் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்று படுத்துவிட்டாள். எங்கள் குழுவில் தினமும் ஒப்பாரிதான். யாரை எடுக்கலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் உயரமான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காய்கறி ஏலத்துக்கு நடுவிலும் பேசிக்கொண்டார்கள்.

"எவ வந்தாலும் தேவாரத்துக்காரிய நிறுத்த முடியாது" என்றார் மண்டிக்காரர்.

தேவாரத்துக்காரி என்றால் அந்த ஊர் அணியின் ஒன்பதாம் நம்பர். சித்திரையில் நடந்த இறுதி ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்தவள். முன்னால் பார்த்துக்கொண்டே பின்காலை நீட்டித் தொட்டுவிட்டு ஓடிவிடுவாள். "கணுக்காலப் பிடி! விடாத!" என்று அன்றைக்குக் கத்தியே என் தொண்டை கட்டிப்போனது.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் என் மகனுக்கு மதினி ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் தேவாரம், பி.காம். படித்திருக்கிறாள், அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினார். நெற்றிச்சுட்டியும் பட்டுச்சேலையுமாக யாரோ ஒரு பெண். களையாக இருந்தாள். "போய்ப் பாப்போம்" என்றேன்.

ஆனி மாதச் சாரலில் வேன் வைத்துக்கொண்டு போனோம். மலையிலிருந்து இறங்கிய காற்று அந்த வீட்டுத் தகரக் கூரையைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. பேச்சு நன்றாகவே போனது. "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார் மதினி.

காப்பித் தட்டோடு வந்தவள், கூடத்துக்குள் நுழையும் முன் வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, லேசாகக் குனிந்து படியைத் தொட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு சொட்டுக் காப்பி சிந்தவில்லை. பாடப் போகுமுன் நடுக்கோட்டை அப்படித் தொடுகிற ஒரே ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்.

"ஏத்தா! நீ ஒம்பதாம் நம்பர்ல?" என்று கத்திவிட்டேன்.

பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது சும்மா, பள்ளிக்கூடத்துல ஆடுனது. இப்பல்லாம் இல்லைங்க" என்று வேகமாகச் சொன்னார். கபடி ஆடுகிற பெண் என்று தெரிந்து இதற்கு முன் இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தனவாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது.

"ஆமா அத்தை, நாந்தேன். இப்பவும் ஆடுறேன். நீங்க அந்த விசிலடிக்கிறவுகதான?"

முதலில் சிரித்தவர் என் வீட்டுக்காரர். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் மூச்சு வந்தது. கபடியென்றால் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூடத் தெரியாத என் மகன் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளோடு தனியாகப் பேச வேண்டும் என்றான். கொல்லைப்புறம் போய்ப் பேசிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் வந்தான்.

"அவுகளுக்கு வெளையாட்ட விட முடியாதாம்மா. நான் எதுக்கு விடணும்னு கேட்டேன்" என்றான். அவன் காது சிவந்திருந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பூ வைத்துவிட்டு வேனில் ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. போடி விலக்கு வருவதற்குள் குழுவில் குரல் செய்தி போட்டுவிட்டேன். "தேவாரத்து ஒம்பதாம் நம்பரு நம்ம வீட்டுக்கு மருமகளா வர்றா!"

அதற்குப் பிறகு என் கைபேசி ஓயவே இல்லை. மண்டிக்காரர் மண்டி வாசலில் சரவெடி போட்டுவிட்டார். ஒருவர் அவளுடைய படத்தை எடுத்து, நீலச் சட்டையை எங்கள் மஞ்சள் சட்டையாக மாற்றிப் போட்டார். எல்லோரும் அப்படியில்லை. வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறவர், "நம்ம பிள்ளைகள அழ வச்சவ. அவளுக்கா நம்ம சட்டை?" என்று நீளமாக எழுதினார். அவருக்குப் பதில் சொல்லியே இரண்டு நாள் போனது.

தேவாரத்தில் நிலைமை வேறு. அந்த ஊர் ரசிகர்கள் பெண்ணின் அப்பாவைத் தோப்பிலேயே போய்ப் பிடித்துவிட்டார்கள். "பொண்ணக் குடுங்க, வேணாங்கல. ரைடரக் குடுக்காதீக" என்றார்களாம். நிச்சயதார்த்தத்துக்கு அவர்களில் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். மண்டிக்காரர் சிரித்த முகத்தோடு சந்தனக் கிண்ணத்தை நீட்ட, அவர்கள் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டார்கள்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, உங்க குரூப்புல எனக்குச் சட்டை நம்பரு கூடப் போட்டாச்சாமே?"

"ஆமாத்தா! அதே ஒம்பதுதான். யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எங்க ஊர்ல, போகாதங்கிறாக. உங்க ஊர்ல, வந்துட்டாங்கிறாக. நான் எங்கன ஆடப்போறேன்னு எங்கிட்ட யாரும் கேக்கலையே அத்தை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. "சரித்தா, இப்பக் கேக்குறேன். எங்கன ஆடுவ?" என்றேன்.

"உங்க பிள்ளைக ஆடுறத ஒருநா கிட்ட இருந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். நான் குழுவில் எதுவும் சொல்லவில்லை. ஆடி மாதம் முழுக்க மண்டிக்காரர் கடைக்கு வந்து வந்து, "உறுதிதான?" என்று கேட்பார். நான் கரண்டிகளை அடுக்கிக்கொண்டே இருப்பேன்.

ஆவணியில் கல்யாணம். நீலச் சட்டைப் பெண்களும் மஞ்சள் சட்டைப் பெண்களும் பட்டுச்சேலையில் வந்து மேடையின் இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, ஒரு விடியற்காலையில் மருமகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் அணிக்குப் பயிற்சி தருபவர் ஒரு பி.டி. டீச்சர். அதிகம் பேசமாட்டார். மண்டிக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்து எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்.

மருமகள் அரை மணி நேரம் கோட்டோரம் நின்று பார்த்தாள். பிறகு டீச்சரிடம் கேட்டாள்: "உங்க பழைய லெப்ட் கார்னர் எங்க டீச்சர்? எடது மூலையில நின்னு கணுக்காலப் பிடிப்பாகளே, குட்டையா, முடிய ஒட்ட வெட்டி."

"அந்தப் பிள்ளை கொழந்தை பெத்துக்கிருச்சும்மா. ரெண்டு சீசன் ஆச்சு. அப்புறம் வரல."

"நீங்க கூப்பிட்டீகளா?"

டீச்சர் யோசித்தார். "இல்ல" என்றார்.

"நான் ஆட வந்த நாள்ல இருந்து என்னைய ரெண்டு தடவை தனியாப் பிடிச்சது அவுக மட்டுந்தான். அவுக வந்தா நான் இங்கன ஆடுறேன்."

மண்டிக்காரர் பதறிவிட்டார். "அது ஒடம்பு விட்டுப்போயிருக்கும்லத்தா! ரெண்டு வருசம்! புதுசா ஒரு உசரமான பிள்ளையப் பாத்து வச்சிருக்கேன்..."

"அந்தப் பிள்ளையும் ஆடட்டும் மாமா. கார்னரு அவுகதான்" என்றாள் மருமகள்.

அன்றைக்கே தேடிப் போனோம். பழைய கார்னர் எங்கள் ஊர்க் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருந்தாள். இடுப்பில் பெண் குழந்தையோடு கதவைத் திறந்தவள் மருமகளைப் பார்த்ததும் ஓரடி பின்னால் வைத்தாள்.

"நீயா?"

"நீங்க பிடிச்ச கணுக்கால் ஒரு வாரம் வீங்கிக் கெடந்துச்சுக்கா" என்றாள் மருமகள். "இன்னொரு தடவ பிடிக்கிறீகளா? பிராக்டீஸ்ல மட்டும்."

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் கணவர் லோடு வேன் ஓட்டுகிறவர். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "போயேன். வீட்ல நின்னபடிக்கே கால மடக்கி மடக்கிப் பாத்துக்கிருக்கேல்ல" என்றார். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் கையை நீட்டினேன். குழந்தை வந்ததும் என் கண்ணாடியைப் பிடுங்கியது.

பொங்கலுக்கு மயிலாடும்பாறையில் முதல் போட்டி. அரையிறுதியில் யாரோடு ஆடுகிறோம் என்று பார்த்தால் தேவாரம். இரண்டு வேன், ஒரு லாரி நிறைய ஆட்களோடு அவர்கள் வந்து இறங்கினார்கள். என் சம்பந்தியும் அந்த லாரியிலிருந்துதான் இறங்கினார். நேரே போய் ஆடுகளத்துக்கு வெளியே, நடுக்கோட்டுக்கு நேராக, எந்தப் பக்கமும் சேராமல் நின்றுகொண்டார்.

மஞ்சள் சட்டையில் மருமகள் முதல் ரைடுக்குப் போனாள். நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நீலப் பக்கத்தில் இருந்த ஏழு பேரும் அவளோடு வளர்ந்தவர்கள். பின்கால் எப்போது வரும் என்று அவர்களுக்கா தெரியாது? கால் நீண்டதும் நான்கு பேர் ஒன்றாக விழுந்து அமுக்கிவிட்டார்கள். தேவாரத்து ஆட்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தார்கள். வெல்ல மண்டிக் கணக்கர் என் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். பதிலுக்கு விசிலடிக்கலாம் என்று விரலை வாயில் வைத்தேன். என் இடுப்பில் இருந்த கார்னரின் குழந்தை வீறிட்டு அழுதது. சத்தமே போடாமல் ஒரு கபடி ஆட்டத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கபடியில் எதிராளி ஒருத்தியைப் பிடித்து வெளியேற்றினால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருத்தி உள்ளே வரலாம். தேவாரத்தின் புது ரைடர் பாடிக்கொண்டு வந்தாள். எங்கள் இடது மூலையில் நின்ற குட்டைப் பெண் அவளை உள்ளே வர விட்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டாள். திடீரென்று பாய்ந்து கணுக்காலைப் பிடித்தவள் மண்ணில் இழுபட்டும் விடவே இல்லை. மருமகள் வெளியே இருந்து துள்ளி எழுந்து உள்ளே ஓடினாள். ஓடுகிற வழியிலேயே அந்தக் கார்னரைத் தூக்கி நிறுத்தி முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள்.

பிறகு மருமகள் பின்காலை நீட்டவே இல்லை. அவள் கையால் தொடுவாள் என்று தேவாரத்துக்காரிகள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். மண்டிக்காரர் என்னையும் குழந்தையையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் நீலமும் மஞ்சளும் ஒரே கரும்பை ஒடித்துத் தின்றன. என் சம்பந்தி அங்கே போய், முதலில் தோற்ற பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம்தான் தன் மகளிடம் போனார்.

இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் அணியிடம் தோற்றோம். அவர்களைப் பற்றி எங்கள் குழுவில் ஒருவருமே பேசியிருக்கவில்லை. இரண்டாம் பரிசு அண்டா எங்கள் கடைச் சரக்குதான்.

மறுநாள் காலையில் தோளில் களிம்பு தடவிக்கொண்டே மருமகள் ஷூவைத் தேடினாள்.

"இன்னைக்கு ஒருநா படுத்துக்கயேன்" என்றான் மகன்.

"திண்டுக்கல்லுக்காரிக கை கோத்துப் பிடிச்சாகள்ல, அந்தச் செயின் எப்படி வருதுன்னு மைதானத்துல போட்டுப் பாக்கணும். அக்காவும் வர்றாக" என்றாள். அவன் எழுந்துபோய் ஸ்கூட்டரை வெளியே எடுத்தான். நான் பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் இருந்த கூடையை எடுத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொள்ளக் கிளம்பினேன்.